நாயகம் கை கொடுத்தால்

ஏப்ரல் 9, புதன்

பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான் எங்கள் வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்பு கிடந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கிளப் ஆட்கள்.

மே மாதக் கடைசியில் கோவில்பட்டியில் ஹாக்கிப் போட்டி. ஒவ்வோர் அணியும் வெளியூரிலிருந்து ஒரே ஒரு பெரிய ஆட்டக்காரரை அழைத்து வந்து ஆட வைத்துக்கொள்ளலாம். அந்த ஒருவர் யார் என்பதுதான் ஏப்ரல் முழுக்க இங்கே பேச்சு. விடிவெள்ளி கிளப்பைப் பொறுத்தவரை அது முடிவாவது எங்கள் வீட்டு முன்னறையில். நான் கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்தே பார்க்கிறேன். எல்லோரும் தொண்டை வறளக் கத்துவார்கள். இவர் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு ஒருநாள், ஏதோ ஒரு பெயரைச் சொன்ன ஆளிடம் சட்டென்று கையை நீட்டுவார். குலுக்கியாயிற்றென்றால் அந்தப் பெயர்தான். அதற்கு மேல் யாரும் மூச்சுவிடக் கூடாது. 'நாயகம் கை குடுத்துட்டாரா' என்று டீக்கடைகளில் கேட்டுக்கொள்வார்கள். கோமதிநாயகம் என்று முழுப்பெயரையும் சொல்கிறவர்கள் இப்போது ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டும்தான்.

இந்த வருடம் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். பக்கவாதம் வந்து பேச்சு போனவரிடம் என்ன கேட்பது? கண் திறந்திருக்கிறது. ஸ்பூனை உதட்டில் வைத்தால் வாய் திறக்கிறது. உட்கார வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

வெள்ளத்துரை அண்ணாச்சிதான் முதலில் உள்ளே வந்தார். ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். இவரும் அவரும் ஒரே அணியில் ஆடியவர்கள். "என்ன நாயகம், எப்படி இருக்கீரு?" என்று குனிந்து இவர் விரல்களைத் தொட்டார்.

"வெரல்ல இல்ல அண்ணாச்சி, உள்ளங்கைக்குள்ள நல்லா வைங்க" என்றேன்.

வைத்தார். இவருடைய விரல்கள் மெல்ல மூடின. பிறகு இறுகின.

"ஏய், ஆளத் தெரியுதுய்யா" என்றார் அண்ணாச்சி. கடலைமிட்டாய்க் கடை மாரிக்கனி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அதன் பிறகு ஆளாளுக்கு வந்து கையைக் கொடுத்தார்கள். எல்லோர் கையையும் பிடித்தார்.

டீ போட்டேன். சர்க்கரை கொஞ்சம் அதிகமாகிவிட்டது, யாரும் குறை சொல்லவில்லை. இரண்டு மாதமாக இந்த வீட்டில் மிக்ஸியைத் தவிர வேறு சத்தம் கிடையாது. இன்று அடுக்களை வரை ஆண்களின் குரல் கேட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

பிசியோதெரபி கொடுக்கும் ஜெபா வந்தாள். கை கால்களை நீட்டி மடக்கிவிட்டு, ஒரு பேனாவை இவர் உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். பிடித்தார். வெறும் இரண்டு விரலால் அழுத்திக் கோடு போல இழுத்தாள். அதையும் பிடித்தார்.

"அக்கா, டாக்டர் அன்னைக்கு உங்ககிட்ட இதப் பத்திச் சொன்னாங்கள்ல?"

"சொன்னாங்க."

"புறங்கைய மெல்லத் தடவிவிட்டா விட்டுருவாரு, பாத்தீங்களா. சின்னப் பிள்ளைங்க பிறந்த உடனே பிடிக்கும்ல, அந்த மாதிரிதான். ஆளுங்க வந்தா கைய நீட்டச் சொல்லிப் பழக்காதீங்க."

அடுப்பில் பால் இருந்தது. போய்விட்டேன்.

டாக்டர் சொன்ன அன்று வெளியே ஆம்புலன்ஸ் சத்தம். பாதிதான் காதில் விழுந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. பாயசம் வைத்தேன், வந்த எல்லோருக்கும் கொடுத்தேன்.

இந்த முறை இரண்டு பெயர்கள். ஒருவர் அனில் டோப்போ, ஒடிசாக்காரர், பின்வரிசையில் ஆடுகிறவர். பெனால்டி கார்னர் கிடைத்தால் அவர் அடிக்கிற பந்து வலைக்குள்தான் போகுமாம். இன்னொருவர் மந்தண்ணா, குடகுக்காரர், முன்வரிசை. பந்தை மட்டையோடு ஒட்ட வைத்துக்கொண்டு நான்கு பேரைத் தாண்டிப் போவார். இரண்டு பேரும் இந்தியாவுக்கு ஆடியவர்கள். அண்ணாச்சி டோப்போ கட்சி. மாரிக்கனி மந்தண்ணா கட்சி.

"போன வருசம் அரையிறுதியில நமக்கு எத்தன கார்னர் கெடச்சுது? சொல்லும்வே" என்றார் அண்ணாச்சி.

"நீரே சொல்லும்."

"ஏழு. அதுல ஒண்ணு உள்ள போச்சு. எதுக்குள்ள? வேலியத் தாண்டி நின்ன வேன் கண்ணாடிக்குள்ள."

மாரிக்கனியும் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. "அது போன வருசம். இந்த வருசம் கார்னர் கெடைக்கணும்லா. கார்னர் என்ன ரேசன் கடையிலயா குடுக்காக? பந்த உள்ள கொண்டுபோனாத்தான குடுப்பான். கொண்டுபோறதுக்கு நம்மகிட்ட யாரு இருக்கா?"

"ஏன், நம்ம பயலுக இல்லையா?"

"நம்ம பயலுக பந்தக் கொண்டுபோவான், கோலுக்கில்ல, கோலிசோடாக் கடைக்கு."

"மந்தண்ணா கோவக்காரன்வே. அம்பயர மொறச்சிட்டு மஞ்ச அட்ட வாங்கி வெளிய உக்காந்துக்கிடுவான். மிச்சம் பத்துப் பேர வச்சு நாம ஆடணும்."

"கோவம் இல்லாதவன் கோயில்ல மணி அடிக்கப் போவட்டும். உம்ம ஆளுக்கு முட்டி போயிட்டாம், பெங்களூர்லருந்து எனக்குப் போன் வந்துது."

"ஒமக்குப் பெங்களூர்லருந்து போன் வந்துதா? அவன் மிட்டாய் கேட்டுல்லா போட்டிருப்பான்."

இருட்டும் வரை இப்படியே. கடைசியில் அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மாரிக்கனியிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

மாரிக்கனி உரக்கக் கத்தியபோது இவருடைய கண் அந்தப் பக்கம் போனது போல் இருந்தது. காற்றில் காலண்டர் ஆடியதால்கூட இருக்கலாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

படுக்கைப் புண் வராமலிருக்க இடுப்பில் பவுடர். புரட்டிப் படுக்க வைக்கப் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தம்மாளின் மருமகள் வந்தாள். எனக்குப் பள்ளியில் விடுப்பு ஜூன் வரைக்கும் நீட்டித்துக் கொடுத்துவிட்டார்கள். இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பரீட்சை கடினம் என்று கேள்விப்பட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

காலையில் அண்ணாச்சி தனியாக வந்தார். கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார், நெற்றியில் திருநீறு. நாற்காலியை இவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினார். டோப்போவின் முட்டி நன்றாக இருக்கிறது, நானே விசாரித்துவிட்டேன், ரயிலில் வரச் சம்மதம் என்றெல்லாம். சண்டை மாதிரி இல்லை. பழைய நாட்களில் ஆட்டம் முடிந்த பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்வார்களே, அந்தக் குரல்.

"என்ன நாயகம், டோப்போவச் சொல்லிருவமா?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினார். இந்த முறை நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளங்கைக்குள் சரியாக வைத்தார்.

பிடித்தார்.

அண்ணாச்சி நெடுநேரம் அப்படியே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "தாயி, யார்ட்டயும் மூச்சுவிட்டுராத. போன வருசம் நம்ம பேசி வச்ச ஆளக் கதிரவன் கிளப்காரன் மோப்பம் புடிச்சுக் கொத்திட்டுப் போயிட்டான். டோப்போ ரயில்ல வந்து எறங்குற வரைக்கும் வெளிய தெரியக் கூடாது. நம்ம ஆட்களுக்கும்தான். மாரிக்கனி வாய் இருக்கே, அது ரேடியோ" என்றார்.

"அண்ணாச்சி" என்றேன்.

"சொல்லு தாயி."

"காப்பி குடிச்சிட்டுப் போங்க."

ஏப்ரல் 22, செவ்வாய்

மாரிக்கனி மனைவியோடு வந்தார். ஒரு டப்பா கடலைமிட்டாய் கொண்டுவந்திருந்தார்கள். இவருக்கு மெல்ல முடியாது என்பது வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "நீங்க சாப்பிடுங்க மதினி" என்றார்.

அவரும் கேட்டார். மந்தண்ணா பெயரைச் சொல்லித்தான். மாரிக்கனி சின்ன வயதிலிருந்து இவர் பின்னால் மைதானத்தைச் சுற்றி வந்தவர். இவரிடம் பேசும்போது அவருக்கு இன்னும் குரல் தாழ்ந்துவிடுகிறது. "அண்ணே, கோவத்த நான் பாத்துக்கிடுதேன். அவன் எங்கூடத்தான் இருப்பான். சரின்னா கை குடுங்க."

அவருடைய மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மதினி, அண்ணாச்சிட்ட இப்பச் சொல்லிராதீங்க. பெரியவரு மனசு ஒரு மாதிரி ஆயிரும். ஆள் வந்து நின்ன பொறவு நாயகண்ணன் கை குடுத்தாருன்னு சொன்னா அவரே ஒத்துக்கிடுவாரு."

சரி என்றேன்.

அவர்கள் போன பிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டு அடுக்களையில் நின்றேன். போன் மேசை மேல்தான் இருந்தது. அண்ணாச்சி நம்பர், மாரிக்கனி நம்பர் இரண்டும் அதில் இருக்கின்றன. ஒருவருக்குச் சொன்னால் மற்றவருக்கும் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் சொன்னால், ஏன் என்று கேட்பார்கள்.

வெண்டைக்காய் நறுக்கினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்றும் கூட்டம். கூட்டம் என்று பெயர்தான். அண்ணாச்சியும் மாரிக்கனியும் ஒருவரையொருவர் தாங்குகிறார்கள். "மந்தண்ணாவும் நல்ல ஆட்டக்காரன்தான், நான் ஒண்ணும் சொல்லல" என்கிறார் அண்ணாச்சி. "டோப்போ கார்னர் அடிச்சா யாரு தடுப்பா" என்கிறார் மாரிக்கனி. இந்த முன்னறையில் இப்படி ஒரு மரியாதையை நான் கண்டதில்லை. மற்றவர்கள் திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இவரைப் பார்த்தேன். இந்த மாதிரி நேரத்தில் இவர் யாருக்கும் தெரியாமல் என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்குவார்.

மே 2, வெள்ளி

பரணி ஓசூரிலிருந்து பேசினான். போட்டிக்கு லீவு போட்டு வருகிறானாம். "அப்பா இந்த வருசம் யாருக்கும்மா கை குடுத்தாங்க?"

"இன்னும் முடிவாகலப்பா."

"ஆனா எல்லாரையும் தெரியுதுல்ல? வெள்ளத்துரை மாமா அன்னைக்குப் போன்ல அழுதுட்டாரும்மா."

தெரிகிறது என்றேன்.

மே 6, செவ்வாய்

யாரும் இல்லாத நேரம். வேண்டாத வேலை ஒன்று செய்தேன்.

உள்ளங்கையில் என் விரல்களை வைத்து, வலிக்கிறதா என்று கேட்டேன். பிடித்தார். புறங்கையைத் தடவிவிட்டு மறுபடியும் வைத்தேன். வலிக்கவில்லையா என்று கேட்டேன். பிடித்தார்.

நான் வடிவுதானே என்று கேட்டேன். பிடித்தார்.

அதன் மறு கேள்வியைக் கேட்கவில்லை. ஒரு கேள்விக்கும் அதற்கு நேர் எதிரான கேள்விக்கும் ஒரே விடை வந்தால், அது விடையே இல்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவள் நான். துணி துவைக்கப் போய்விட்டேன்.

மே 10, சனி

ஜெபா சொன்னாள், கண்ணும் பெரிதாக எதையும் தொடர்ந்து பார்க்கவில்லை என்று. இந்தப் பெண்ணுக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. பொய் சொல்லத் தெரியவில்லை. அவளை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். பிறகு அவள் போகும்போது மாங்காய் இரண்டு கொடுத்தனுப்பினேன்.

மே 14, புதன்

அண்ணாச்சி வந்து சொன்னார். நாளைக் காலை ரயிலில் டோப்போ வருகிறார். வழக்கம் போல முதல் சாப்பாடு இங்கேதான். சாயங்காலம் மாரிக்கனி வந்து சொன்னார். நாளைக்கு மந்தண்ணா மதுரையில் விமானத்தில் இறங்குகிறார், காரில் கூட்டி வருகிறேன், மதியம் முதல் சாப்பாடு இங்கேதான்.

இரண்டு பேரிடமும் தலையாட்டினேன்.

வெளியூர் ஆட்டக்காரர் முதலில் இவர் கையைக் குலுக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவது வழக்கம். கறி கூடுதலாக வாங்கச் சொல்லியிருக்கிறேன். என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

மே 15, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டோப்போ பகல் பதினொரு மணிவாக்கில் வந்தார். கட்டையான உடம்பு, வெட்கப்படுகிற முகம். தமிழ் தெரியாது. அண்ணாச்சி தனக்குத் தெரிந்த ரயில்வே இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். கிளப் ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், யாரோ மாலைகூட வாங்கி வந்திருந்தார். டோப்போ இன்னும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கார் வந்து நின்றது. மாரிக்கனி இறங்கினார். பின்கதவைத் திறந்துவிட்டார். மந்தண்ணா, நல்ல உயரம், கறுப்புக் கண்ணாடி.

வாசலில் இரண்டு ஆட்டக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குள் ஏற்கனவே பழக்கம். சிரித்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"என்னவே இது?" என்றார் அண்ணாச்சி.

"நான் கேக்கணும் அண்ணாச்சி. இது யாரு?"

"நாயகம் கை குடுத்த ஆள்."

"நாயகண்ணன் எங்கிட்டல்லா கை குடுத்தாரு. எம் பொண்டாட்டி சாட்சி."

"எங்கிட்டப் பெரிய வெள்ளிக்கெழம காலையிலேயே குடுத்தாச்சு. வடிவு சாட்சி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "குடுத்தாங்க" என்றேன். "யாருக்கு மதினி?" என்று யாரோ கேட்டார்கள். "ரெண்டு பேருக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தம். கூட்டத்தில் ஒருவர், "நேர்லயே கேட்டுருவோம். ரெண்டு பேரும் நிக்காக, அவரும் இருக்காரு" என்றார். நியாயம்தான் என்றார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

டோப்போவை முன்னால் நிறுத்தினார்கள். அவர் குனிந்து இரண்டு கையாலும் இவர் கையை எடுத்தார். இவர் பிடித்துக்கொண்டார். கைதட்டினார்கள். டோப்போ சிரித்துக்கொண்டே கையை இழுக்கப் பார்த்தார், இவர் விடவில்லை. இழுக்க இழுக்க இறுகியது. "விட மாட்டேங்காரு பாருவே, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் அண்ணாச்சி. "எங்க ஆளும் கைய வைக்கட்டும் அண்ணாச்சி, பொறவு பேசுவோம்" என்றார் மாரிக்கனி.

டோப்போவுக்கு வலித்திருக்க வேண்டும். முகம் மாறியது. நான் போய் இவருடைய புறங்கையை மெல்லத் தடவிவிட்டேன். விரல்கள் தளர்ந்தன.

நிமிர்ந்தபோது அண்ணாச்சி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மந்தண்ணா கையை வைத்தார். பிடித்தார். அதே பிடி. பின்னாலிருந்து ஒருவர், "ரெண்டு பேருமே வேணுங்காரு போல, பேராசக்காரரு" என்றார். சிரித்தார்கள். மாரிக்கனி "பாத்தீரா, பாத்தீரா" என்று அண்ணாச்சியிடம் நெருங்கினார்.

நான் மந்தண்ணாவின் கையை விடுவித்ததும் அண்ணாச்சி முன்னால் வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துச் சுருட்டினார். இவர் உள்ளங்கைக்குள் வைத்தார்.

விரல்கள் மெல்ல மூடின. பிறகு இறுகின.

அண்ணாச்சி துண்டை இழுத்தார். இவர் விடவில்லை. இன்னும் ஒரு முறை இழுத்தார். பிறகு துண்டை அங்கேயே விட்டுவிட்டுக் கையைக் கீழே போட்டார்.

"என்ன அண்ணாச்சி செய்தீரு" என்று ஆரம்பித்த மாரிக்கனி பாதியில் நிறுத்திக்கொண்டார். டோப்போவுக்கும் மந்தண்ணாவுக்கும் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை, மாறி மாறி எல்லோர் முகத்தையும் பார்த்தார்கள்.

அண்ணாச்சி கடைசியில் என்னிடம் கேட்டார். "எப்பத்துலருந்து தாயி?"

"சாப்பாடு ஆறுது" என்றேன். "எல்லாரும் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். சாப்பிட்டார்கள். கறி நன்றாக இருக்கிறது என்று மந்தண்ணா அரைகுறைத் தமிழில் சொன்னார், அவர் சென்னையில் கொஞ்ச காலம் இருந்தவராம். மாரிக்கனி இலையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணாச்சி ஆளே ஆடட்டும்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. இந்த வீட்டில் எதிர்ப்பே இல்லாமல் முடிவான ஆட்டக்காரர் டோப்போ ஒருவர்தான்.

அவர்கள் போகும்போது துண்டு இன்னும் இவர் கையில் இருந்தது. கேட்டு வாங்க அண்ணாச்சிக்கு மனம் வரவில்லை போல. நானும் கொடுக்கவில்லை. இப்போதுதான் எடுத்து நனைத்துப் போட்டிருக்கிறேன்.

மே 16, வெள்ளி

யாரும் வரவில்லை.

மே 18, ஞாயிறு

மந்தண்ணா ஊருக்குத் திரும்பவில்லையாம். கதிரவன் கிளப்புக்கு வர வேண்டிய ஆள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாராம், மந்தண்ணாவை லாட்ஜிலேயே பிடித்துக்கொண்டார்கள். பால்காரர் சொன்னார். இந்த மாதிரிச் செய்தியெல்லாம் முன்பு எங்கள் வீட்டிலிருந்து பால்காரருக்குப் போகும்.

அண்ணாச்சியின் துண்டை மடித்து வைத்திருக்கிறேன்.

மே 21, புதன்

ஜெபாவிடம், கிளப் ஆட்கள் இப்போது வருவதில்லை என்றேன். அவள் நல்ல விதமாக, "அதுவும் நல்லதுதான்க்கா, சாருக்கு ஓய்வு" என்றாள்.

ஓய்வு. யாருக்கு என்று கேட்டிருக்க வேண்டும்.

மே 24, சனி

போட்டி தொடங்கிவிட்டது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் மைதானத்து ஒலிபெருக்கி கேட்கிறது. ஜன்னலைத் திறந்து இவர் நாற்காலியை அங்கே போட்டேன். பரணி வந்திருக்கிறான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் இருந்தான். கையைத் தொடவில்லை.

"வெள்ளத்துரை மாமா சொன்னாரும்மா" என்றான்.

"ம்."

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்."

சொல்லியிருந்தால் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து அப்பாவிடம் கொடு என்று கேட்டிருக்க மாட்டான். போனை இவர் காதில் வைத்துவிட்டு நான் நின்றுகொண்டிருப்பேன். அவன் தன் வேலை, சாப்பாடு, மேனேஜர் பற்றியெல்லாம் சொல்லுவான். எனக்குக் கேட்காது என்று நினைத்துப் பேசுவான். இதை அவனிடம் சொல்லவில்லை. "தோசை ஊத்தட்டுமா?" என்றேன்.

மே 28, புதன்

விடிவெள்ளி அரையிறுதிக்குப் போய்விட்டது. தெருவில் வெடி போட்டார்கள். எங்கள் வீட்டு முன்னால் வரும்போது கூட்டம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போனது. நோயாளி இருக்கிற வீடு என்று.

மே 31, சனி

தோற்றுவிட்டார்கள். கதிரவனிடம் இரண்டுக்கு ஒன்று. இரண்டு கோலும் மந்தண்ணா. பரணி மைதானத்திலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டான்.

ஜூன் 1, ஞாயிறு

சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். ஒன்று, இரண்டு, பிறகு நிறைய. அடுக்களையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் அண்ணாச்சி, மாரிக்கனி, எல்லோரும்.

"வழக்கமா தோத்தாலும் இங்கதான வருவோம் தாயி" என்றார் அண்ணாச்சி. வேறு ஒன்றும் சொல்லவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தேன், வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

இவரை ஜன்னல் பக்கத்திலிருந்து திருப்பிக் கூட்டத்தைப் பார்க்கிற மாதிரி உட்கார வைத்தேன். வந்தவர்கள் ஒவ்வொருவரும் இவரைப் பார்த்துத் தலையசைத்தார்கள். யாரும் பக்கத்தில் போகவில்லை. நாற்காலிகளைத் தங்களுக்குள் வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மாரிக்கனியின் முதுகு இவர் பக்கம் இருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, அறை சின்னது.

முதலில் மெதுவாகத்தான் பேசினார்கள். பத்து நிமிடத்தில் பழைய சத்தம் வந்துவிட்டது.

"அறுபது நிமிசத்துல ஒரே ஒரு கார்னர்" என்றார் மாரிக்கனி. "ஒண்ணே ஒண்ணு. அத டோப்போ அடிச்சிட்டான், அவனக் குத்தம் சொல்ல மாட்டேன். மிச்ச நேரமெல்லாம் அவன் பின்னால நின்னு வெயில் காய்ஞ்சான். நான் அன்னைக்கே சொன்னேன்."

"மந்தண்ணா நம்மகிட்ட ஆடியிருந்தா மட்டும்? அவன் அடிப்பான், பின்னால நாலு வாங்கிட்டு வருவோம்."

"நாலு வாங்குனா அஞ்சு அடிப்பான்."

"நீரு மிட்டாய்க் கணக்குல பேசாதீரும்."

டீ கொண்டுபோனேன். சர்க்கரை சரியாக இருந்தது. எனக்கு மனது நிறைந்துதான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இந்தச் சத்தம்தானே வேண்டும் என்று இத்தனை நாள் கிடந்தேன். தம்ளர்களை ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தபோது மாரிக்கனி பெருமூச்சு விட்டுச் சொன்னார்.

"நாயகண்ணன் இருந்திருந்தா யாருக்குக் கை குடுத்திருப்பாரு?"

யாரும் திடுக்கிடவில்லை. அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே தெரியவில்லை. அண்ணாச்சியும் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். "எனக்கு என்னமோ, அவரு டோப்போவத்தான் சொல்லியிருப்பாருன்னு தோணுது" என்றார். இல்லை மந்தண்ணாதான் என்றார் இன்னொருவர். இவர் அந்தக் காலத்தில் முன்வரிசைக்காரர்களுக்குக் கை கொடுத்த கதைகளை எடுத்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தினார். இரண்டு எட்டுத் தூரத்தில் இவர் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லுங்க மதினி. உங்களுக்குத்தான தெரியும்" என்றார் மாரிக்கனி.

தட்டில் கடைசித் தம்ளர் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது. எத்தனை வருடம் அடுக்களை வாசலில் நின்று அந்த மௌனத்தைக் கேட்டிருக்கிறேன். யோசிக்கவே இல்லாமல் வாயில் வந்துவிட்டது.

"ரெண்டு பேரையும் வேண்டாம்னிருப்பாக. நமக்குப் பந்து நடுவுலயே நிக்கல. மொதல்ல நடுவரிசைக்கு ஒரு நல்ல ஹாஃப் ஆடுற ஆளப் பாருங்கன்னு சொல்லியிருப்பாக."

"அதான்" என்றார் அண்ணாச்சி. "அவரு அதத்தான் சொல்லியிருப்பாரு." மாரிக்கனி தொடையில் தட்டிக்கொண்டார். உடனே அடுத்த வருடத்துக்கு எந்த ஹாஃப் என்று தொடங்கிவிட்டார்கள். பஞ்சாபிலிருந்து ஒருவர் பெயரும் ஜான்சியிலிருந்து ஒருவர் பெயரும் வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் கையிலிருந்த தம்ளரோடு இவர் பக்கம் போனேன். டீயை ஊதி ஆற்றி, ஸ்பூனை உதட்டில் வைத்தேன். வாய் திறந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்தார்கள். நாளைக்கும் வருவதாகச் சொன்னார்கள். எல்லோரும் என்னிடம் சொல்லிக்கொண்டு போனார்கள்.